ஆரணி சொன்ன ஓம்

என் பாசமுள்ள அண்ணை,

அங்கேயும் யாரையாவது பிடித்து ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். என் மகள் ஆரணி கதைக்கிறாள்.

நீங்கள் போகும்போது அவள் கொழும்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊமையாகக் கிடந்தாள். சிறுமூளையில் இருந்த கட்டியை எடுத்த மறுநாள் "அம்மா" என்று கூப்பிட்டவளுக்கு, அதற்கடுத்த நாள் பேச்சு நின்றுவிட்டது. அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், மெல்ல மெல்லத் திரும்பும் என்றார் டொக்டர். எப்போது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

ஊரிலே கொழும்புத்துறையில் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்த நீங்கள்தான் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். "ஓம் எண்டு சொல்ல நாக்கே தேவையில்லை, தங்கச்சி. வாயைத் திறந்து மூடினாக் காணும்." அன்றிலிருந்து ஓம் சொல்லக்கூடிய கேள்விகளாகவே கேட்டுத் தள்ளினீர்கள். அவள் முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். பத்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "சுவரோடை கதைக்கிற மாதிரி ஏனண்ணை கதைக்கிறியள்? உவளுக்கு ஒண்டும் விளங்காது!" என்று கத்திவிட்டேன். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். நான்காம் நாள், உங்களுக்கு மாரடைப்பு என்று போன் வந்தது. அந்தப் பேச்சை நான் இனி யாரிடம் திருப்பி வாங்குவேன்?

பிறகு ஒரு நாள் காலை, "தண்ணி வேணுமோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் மலையகத்துக்காரி; 'ஆமா' என்று சொல்லிப் பழகியவளுக்கு எங்கள் 'ஓம்' புதிது. "புள்ள மந்திரம் சொல்லுதுங்க!" என்று கைகூப்பிவிட்டாள். "மந்திரமில்லை அம்மா, உவளுக்குத் தண்ணி வேணுமாம்" என்று சிரித்தேன். சிரித்தபடியே அழுதேன்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சொற்களை இழுத்து இழுத்துத்தான் பேசுவாள். நடக்க இன்னும் என் கை வேண்டும். ஆனால் சண்டைக்குக் குறைவில்லை. நண்டுக் குழம்பு வைத்தால் பெரிய கால் அவளுக்குத்தான்.

நேற்று உங்கள் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று சொன்னாள்:

"மாமா... ஒவ்வொரு நாளும் கேட்டவர், 'மாமா வடிவோ?' எண்டு. இல்லை எண்டு சொல்லத்தான்... எனக்கு வாய் வரேல்லை."

கேட்டீர்களா அண்ணை, நீங்கள் அழகில்லையாம்! அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

இனி ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் நான் குறுக்கிடமாட்டேன். உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் அவசரக்காரத் தங்கச்சி,
வசந்தி