வட்டி மட்டும் கொடுக்கும் தர்மம்

1996 மார்ச் 9, சனி இரவு

எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டத்துக்கு இன்று ஓர் அறக்கட்டளையிலிருந்து வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வந்தார். நாம் கொடுக்கும் பணத்தை அவர்கள் தொடவே மாட்டார்களாம். அதன் வட்டியை மட்டும் ஆண்டுதோறும் ரொறொன்ரோ ஏழைகளுக்குக் கொடுப்பார்களாம், என்றென்றைக்கும். இப்படியும் ஒரு தர்மமா?

“நாங்கள் சண்டை முடிய ஊருக்குத் திரும்பிப் போற ஆக்கள். எங்களுக்கேன் உது?” என்றார் தலைவர் குணம் அண்ணை. எல்லோரும் தலையாட்டினோம்.

பின்வரிசையிலிருந்து அவருடைய மனைவி கேட்டார்: “இஞ்சையப்பா, அப்ப இஞ்ச விட்பியில வீடு வாங்கினது ஆருக்கு?”

சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் வீடு பார்த்துக்கொண்டுதானே திரிகிறேன்.

சின்னத் தொகையையும் ஏற்பார்களா என்று அறிய ஆசை. கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணிடம் தனியே கேட்கப் போனேன். எனக்கு முன்பே குணம் அண்ணை அவரிடம் விசாரித்துக்கொண்டு நின்றார்.