பெங்குவின்காரர் வீட்டுக் கணினி

மார்ச் 4, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றுதான் இவர் கணினி அறைக்குள் போனார். பக்கவாதம் பேச்சை விட்டுவைத்தது, வலது கையை மரக்கட்டையாக்கியது. ஞாபகத்தில் எதை எடுத்தது, எதை விட்டது என்று டாக்டருக்கே பிடிபடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து திரையைத் தடவினார். "நம்மளுதா?" என்று கேட்டார்.

சொந்தக்காரர்கள் இவருக்கு வைத்த பெயர் பெங்குவின்காரர். கணினியை இயக்குகிற இலவச மென்பொருளான லினக்ஸுக்குப் பெங்குவின்தான் சின்னம். விசேஷ வீட்டில் யாராவது கணினி என்று வாயைத் திறந்தால் போதும், லினக்ஸ் போடுங்க, காசு வேண்டாம், யாருக்கும் கைகட்ட வேண்டாம் என்று பிடித்துக்கொள்வார். 'புதுசா வர்றவங்களுக்குக் கஷ்டமாச்சே' என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம், பந்தியில் சோறு ஆறிவிடும். சனிக்கிழமைகளில் நூலகத்தில் இலவச வகுப்பு வேறு. என்னையும் விடவில்லை. சண்டை போட்டுக்கொண்டேதான் கற்றுக்கொண்டேன்.

மார்ச் 9

பழகிய வேலையைச் செய்யச் செய்யத் திரும்பி வரலாம் என்கிறார் டாக்டர். வரலாம் — அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாள் ஓடுகிறது.

மார்ச் 15, ஞாயிறு

கொழுந்தனார் வந்திருந்தார். அண்ணனுக்கு இனி இது சரிப்படாது, எல்லோரும் வைத்திருக்கிற சுலபமானதைப் போட்டுவிடலாம், படத்தைப் பார்த்துத் தொட்டால் போதும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் சுரீர் என்றது.

"அழிச்சுட்டா, அவர் திரும்பி வந்து எங்க உக்காருவாரு?"

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 21, சனி

லினக்ஸில் கட்டளைகளை எழுத்தாக அடிக்கிற அந்தக் கறுப்புச் சன்னலை இன்று இவரே திறந்தார்! இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கட்டளையையும் அடித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்தனாருக்குப் போன் போடலாம் என்று எழுந்தேன்.

கடவுச்சொல் கேட்டது. அந்தச் சன்னலில் கடவுச்சொல் அடித்தால் திரையில் ஒன்றும் விழாது, ஒரு புள்ளிகூட. சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். முதல்முறை அடிக்கிற எவரும் விசைப்பலகை கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நானும் அதைக் கவிழ்த்துத் தட்டியிருக்கிறேன், இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார்.

இவர் அடித்தார். திரையைப் பார்த்தார். திரும்ப அடித்தார். பிறகு இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார்.

"அழுத்த மாட்டேங்குது. இந்தக் கையும் போயிடுச்சா?"

விழுகிறது, வெளியே காட்டாது, அவ்வளவுதான் என்றேன். ஆறுதலுக்குப் பொய் சொல்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எத்தனை பேருக்கு இவரே சொல்லிக்கொடுத்த விஷயம் இது!

மார்ச் 22

எழுத ஒன்றுமில்லை. அழுதேன்.

ஏப்ரல் 2, வியாழன்

"வேற ஏதாவது போட்டுக் குடு. இது எனக்கு வராது," என்று இவரே கேட்டுவிட்டார். மறந்துவிடுவார் என்று நாளைக் கடத்தினேன். எதை எதையோ மறக்கிற மனுஷன் இதை மட்டும் மறக்கவில்லை. இனி நான் யாருக்காகப் பிடிவாதம் பிடிக்க?

ஏப்ரல் 5, ஞாயிறு

கொழுந்தனார் வந்து மாற்றிக்கொடுத்தார். அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. வெளியே வந்தபோது அவருக்கும் கண் சிவந்திருந்தது.

ஏப்ரல் 18, சனி

இவர் இப்போது அதில் சீட்டு விளையாடுகிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார். நான்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

காலையில் இவருக்கு ஒரு போன். நூலக வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பெண்ணாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க, வீட்ல கேளுங்க" என்று என்னிடம் நீட்டினார். புதிதாக வருகிறவர்களுக்கு லினக்ஸ் ரொம்பக் கஷ்டமோ, விட்டுவிடலாமா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கஷ்டம்தாம்மா. பக்கத்துல ஒருத்தர் இருந்தா வந்துடும்," என்றேன். அடுத்த சனிக்கிழமை நூலகத்துக்கு வா, நான் இருக்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ.

போனை வைத்ததும் இவர் கேட்டார். "இதெல்லாம் யாருகிட்ட கத்துக்கிட்ட?"

ஒருத்தர்கிட்ட, என்றேன்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு," என்று சொல்லிவிட்டுச் சீட்டாட்டத்துக்குத் திரும்பினார்.