அப்பா பிடித்த நீலம்

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை உன் அறைத்தோழிகளிடம்கூடக் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு.

நீ ஆய்வகத்திலிருந்து ரகசியமாக அனுப்பிய கிராஃபீன் கலந்த, சாயக் கழிவைத் தெளியவைக்கும் கறுப்புப் பொடியை இன்று சோதித்துப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு பாட்டிலில் நீலத் தண்ணீர் இருந்தது. அப்பாவின் சாயப்பட்டறைக் கழிவு என்று நினைத்து ஒரு சிட்டிகை போட்டேன். நீ சொன்னதுபோலவே வெயில் பட்டுச் சாயம் சிதைந்து, பொழுது சாய்வதற்குள் தண்ணீர் பளிங்காகிவிட்டது. துள்ளிக் குதித்தேன்.

அக்கா, அது கழிவு இல்லை. புது ஆர்டருக்காக அப்பா நாள்கணக்காகக் கலந்து கலந்து பிடித்த நீலம். நாளைக் காலையில் அதில்தான் மாதிரித் துணியை முக்க வேண்டுமாம்.

அப்பா பாட்டிலை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "யாரு இதுல தண்ணிய மாத்துனது?"

"என்னைக் கேட்டா? உங்க கலர் பக்கம் போனா என் புடவைதான் பாழாகும்" என்றாள் அம்மா.

நான் மீதிப் பொடியை ஒளித்துவைத்துவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். "கலர் போட்டுப் பொழைக்கிற வீட்ல கலரை அழிக்கிற படிப்பா?" என்று உன்னோடு பேச்சையே நிறுத்தியவர் அவர். பொடி உன்னுடையது என்று தெரிந்தால் நீ விடுமுறைக்குக்கூட வர முடியாதே. பயமாக இருக்கிறது. போன நிறத்தைத் திரும்ப வரவழைக்க ஏதாவது வழி இருக்கிறதா? இருந்தால் உடனே…

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. வெளியே நின்றபடியே பேசுகிறார்.

"குட்டி, தூங்கலையா? பாட்டில் அடியில கறுப்பா தங்கியிருக்கே, அது அக்கா பொடிதானே? இன்னும் இருக்கா? பட்டறைக் கழிவுத் தொட்டித் தண்ணி ஒரு வாளி கொண்டாந்திருக்கேன்."