பிரின்சி, நாற்பது நிமிடம்

ஞாயிறு, நவ. 16
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஒற்றை ஆளுக்கு இரண்டு சட்டை, அதுவே பெரிய பாடு.

வரும் சனிக்கிழமை அமலிக்கு முதல் ஆண்டு நினைவுப் பூசை. பார்க்க வேண்டியவை: சாமியாரிடம் நேரம் கேட்பது. மெழுகுவர்த்தி. கல்லறைக்கு வெள்ளையடிப்பு. சாப்பாடு பக்கத்து வீட்டு பிலோமி அக்கா பொறுப்பு. வாய் பெரிது, கை அதைவிடப் பெரிது.

பிரின்சி சென்னையிலிருந்து பேசினாள். நாலு நிமிடம்.
"புதன்கெழம செமிஃபைனல்ப்பா. ஜெயிச்சா ஞாயித்துக்கெழம ஃபைனல், அம்மா பூசைக்கு வர முடியாது. தோத்தா வெள்ளிக்கெழம ஃப்ளைட் புடிச்சிருவேன்."
நான் காலண்டரில் சனிக்கிழமையைப் பார்த்தேன்.
"கோவிச்சுக்காதீங்க."
"ஜெயிச்சிட்டே வா மக்கா" என்றேன். பெற்றவன் வேறென்ன சொல்வது.

திங்கள், 17
ஃபீனிக்ஸ் பே கப்பல்துறை, என் டிக்கெட் கவுண்டர். காற்று. மத்தியானக் கப்பல் ரத்து. எல்லோருக்கும் ஒரே பதில், எல்லோரிடமும் ஒரே திட்டு.

அடுத்த கவுண்டர் பிஸ்வாஸ், வழக்கம்போல்: "சேவியர் பாய், பேட்டி கா ஸ்கோர் திகாவோ." மகளின் ஸ்கோரைக் காட்டினேன். போன பாஸ்கெட்பால் ஆட்டம்: பிரின்சி, 36 நிமி., 14 புள்ளி, 7 அசிஸ்ட், 3 டர்ன்ஓவர், ஃப்ரீ த்ரோ 4/4.

வீடியோ கிடையாது. பெண்கள் ஆட்டத்துக்குக் கேமரா வராது. லீக்கின் பக்கத்தில் எண்கள் மட்டும் வரும். என்னிடம் இருக்கிற மகள் இந்த ஒரு வரிதான். இருபது வருடம் இந்தத் தீவுப் போட்டிகளில் ஸ்கோர் எழுதியவன், அந்த வரியிலேயே அவள் ஓடுவது எனக்குத் தெரியும். மூன்று முறை பந்தைப் பறிகொடுத்திருக்கிறாள் என்றால் இடது கைப் பக்கமாக நெருக்கியிருக்கிறார்கள்.

அமலி இருந்தவரை அவளுக்கு இதெல்லாம் வேண்டாம். ஒரே கேள்வி: எத்தனை நிமிசம் ஆடுனா? நாற்பதுக்கு நாற்பது என்றால், "அப்ப அடிகிடி படல" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள்.

செவ்வாய், 18
அந்தோனியார் நவநாள். கோயில் நிறைந்த கூட்டம். பிலோமி அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மன்றாட்டுக் கருத்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். சாமியார் முதலில் இந்தியில் வாசித்தார், பிறகு தமிழில்: கராச்சர்மா பகுதி சேவியர் மகள் பிரின்சியின் அணி வெற்றி பெற மன்றாடுவோம். மொத்தக் கோயிலும் மன்றாடியது. முன்வரிசைக்காரர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உள்ளே நான் கேட்டது: தோற்கட்டும்.

எழுதிவிட்டேன். இனி அடித்து அழிக்க மாட்டேன். வீட்டில் ஒரு வருடமாக ஒரு தட்டுதான் கழுவுகிறேன். அவள் வர வேண்டும், அவ்வளவுதான்.

புதன், 19
ஐந்து மணிக்கே இருட்டு. ஆட்டம் தொடங்கியது. செல்லை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

முதல் குவார்ட்டர் 15-12, நம் பக்கம். பிரின்சி 6. என்னையறியாமல் கை தட்டினேன். பிறகு நிறுத்தினேன்.
பாதி ஆட்டம் 33-33.
மூன்றாவது முடிவில் 49-46. ஜெயித்துவிடுவார்கள். சந்தோஷமா, வருத்தமா என்று கேட்டால் இரண்டும்.
கடைசி 61-62.

லீக் பக்கத்தில் ஆட்ட விவரம் வரி வரியாக வருகிறதே, அதில் இருந்தது: நாலு நொடி மிச்சம். பிரின்சி ஃப்ரீ த்ரோ, தவறியது. பிரின்சி ஃப்ரீ த்ரோ, தவறியது.

இரண்டும். கோட்டில் நின்று தனியாக எறிவது; ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் ஜெயம். இந்த சீசனில் ஒரு தடவைகூட இரண்டையும் விட்டதில்லை. கோயில் மொத்தமும் ஒரு பக்கம், நான் ஒருத்தன் ஒரு பக்கம். அந்தோனியார் என் பேச்சைக் கேட்டிருக்கிறார். பெற்ற பிள்ளையின் கையைத் தட்டிவிட்ட பாவி நான். சாப்பிடவில்லை.

40 நிமி. அடி படவில்லை, அமலி.

வெள்ளி, 21
விமானம் அரை மணி தாமதம். பிரின்சி மெலிந்திருக்கிறாள். ஆட்டோவில்:
"ஸ்கோர் பாத்தீங்களாப்பா?"
"எங்க, நெட்டே இல்ல."
வெளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலிலேயே பிலோமி அக்கா. "போவட்டும் மக்கா, அந்தோனியாருக்கு அன்னிக்குக் காது அடைச்சிருக்கும்." நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இந்த நோட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால். அங்கே யாரும் கை வைப்பதில்லை.

சனி, 22
பூசை நல்லபடியாக முடிந்தது. சாமியார் அமலியின் பெயரைச் சரியாகச் சொன்னார். கல்லறையில் பிரின்சி ரொம்ப நேரம் நின்றாள். பிஸ்வாஸ் குடும்பத்தோடு வந்திருந்தார், இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மத்தியானம் அவள் கூடத்தில் பாய் போட்டுத் தூங்கினாள். மின்விசிறிச் சத்தம், அவள் மூச்சு. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அதுதான் வெட்கமாக இருக்கிறது.

திங்கள், 24
காலை விமானம். உள்ளே போகும்முன் திரும்பி வந்து என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பத்துபஸ்தி வரை நடந்து, பஸ் பிடித்து வந்தேன். வீட்டில் மறுபடி ஒரு தட்டு.

உலை வைக்கப் போனால், நோட்டு டப்பாவுக்கு முன்னால் இருக்கிறது. நேற்று முழுக்க அவள்தான் சமைத்தாள். எனக்கு உறைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், 'தோற்கட்டும்' என்ற என் வரிக்குக் கீழே, அவள் கையெழுத்து:
"லைன்ல நின்னப்ப நானும் அதத்தாம்பா நெனச்சேன்."