ஆறு சிரட்டை, எட்டுப் பெயர்

1932 ஜனவரி 6, புதன்

மாதர் கோல்ஃப் மகாசபையின் காரியதரிசியும், ஆறு குழிகளுக்கும் ஏகசக்கராதிபதியும், அஞ்சல் மாஸ்டர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவனுமாகிய சுந்தரராஜ் என்னும் நான், மழைக்காலம் கழிந்து இன்று மாலை நான்கு மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கிவைத்தேன்.

வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது. எழுதும்போது மனதில் ஒன்றும் தோன்றவில்லை.

காலையிலேயே போய்க் குழிகளில் புதுத் தேங்காய்ச் சிரட்டை பதித்தேன். பழையவற்றில் நண்டு குடியேறியிருந்தது. மைதானத்துப் புல்லை ஆடுகள் ஒட்டக் கடித்து வைத்திருக்கின்றன. கடற்கரை ரோடு போட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊர் திரும்பியபோது விட்டுப்போன கம்புகள் ஐந்தையும் துடைத்து எண்ணெய் போட்டேன். ஐந்து கம்பு, எட்டுப் பெண்கள்.

எட்டு என்று எழுதிவிட்டேன். ஏழு.

பலகையில் ஒட்டுவதற்கு ஜோடிகளை எழுதும்போது எட்டாவது பெயரைக் கை தானே எழுதிற்று: சத்தியபாய். என் தங்கை. இந்த ஆட்டத்தைத் தொடங்கியவளே அவள்தான். பெண்கள் ஆட்டத்துக்கு ஆண் காரியதரிசி வேண்டும் என்று கிளப் கமிட்டி சொன்னபோது என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். ஐப்பசியில் ஐந்து நாள் காய்ச்சல். போய்விட்டாள்.

அடிப்பதற்குப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. எட்டுப் பேர் இருந்தால்தான் புதன்கிழமை மைதானம் பெண்களுக்கு. இல்லாவிட்டால் ஆண்களின் பந்து பாட்மின்டனுக்குப் போய்விடும். அதற்காகத்தான் விட்டுவைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளோடு ஜோடி விழுந்தவளுக்கு ஆடாமலே ஜெயம். பெண்கள் பலகையைப் பார்த்தார்கள். கம்புகளை எடுத்துக்கொண்டு முதல் குழிக்குப் போனார்கள்.

ஜனவரி 7

வீட்டில் நானும் சத்தியபாயின் மகள் ஜெபகுமாரியும் மட்டும். இன்று நாங்கள் பேசியது முழுவதையும் இங்கே எழுதிவிடலாம்.

"மாமா, கஞ்சி."

"சரி மக்கா."

ஜனவரி 13, புதன்

கடல்காற்று பலம். பெண்பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தாணம்மாள் டீச்சர் தலைக்குமேல் கம்பை ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து வானத்துக்குப் போய், காற்றில் திரும்பி, அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது.

"டீச்சர், பந்து கொழும்புக்குத்தான் பொறப்பட்டுது. கப்பலேறப் போறவங்களைச் சோதிக்கிற மண்டபம் காம்ப்பில டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாரு" என்றேன்.

ஏழு பேரும் சிரித்தார்கள். வில்வண்டியில் வந்து இறங்கும் நிலக்காரர் வீட்டு மீனாட்சியம்மாள் சிரித்துப் புரையேறி இருமினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் அதன் வேலையைச் செய்கிறது. நான் எங்கேயோ இருக்கிறேன்.

காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அதுபோல. கால் மட்டும் அல்ல, ஆள் முழுவதும்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம், நான் அழுத கண்ணீரில் பேச்சிப்பாறை அணை உடையப் பார்த்தது, ராஜாக்கமங்கலத்தில் மூன்று நாள் வள்ளம் ஓட்டினார்கள் என்று சொன்னேன். ஒரு சொட்டு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இதை எங்கேயாவது ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஜனவரி 20, புதன்

தூறல். ஆட்டம் நடந்தது. யார் ஜெயித்தது என்று அட்டையைப் பார்த்தால் தெரியும். பார்க்கவில்லை.

ஜனவரி 27, புதன்

சிரட்டைகளில் மணல். வாரிக் கொட்டினேன்.

ஜனவரி 31, ஞாயிறு

இன்று நடந்தது என் புத்தியின் விளைவு.

மாதக் கடைசி ஞாயிற்றில், பிரசங்கம் முடிந்தபின், உபதேசியார் அறிவிப்புகளோடு வரும் மாதத்து ஆட்டப் பட்டியலையும் படிப்பார். சத்தியபாய் ஏற்படுத்திய வழக்கம். நேற்று நான் எப்போதும்போலப் பட்டியலை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுக்கும்போது ஒன்றும் உறைக்கவில்லை. அவரும் மடித்ததைப் பிரிக்காமலே பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "பிப்ரவரி மூன்றாம் தேதி புதன்கிழமை மாலை ஆட்டத்தில், தாணம்மாளும் சத்தியபா..."

நின்றுவிட்டார். கோயில் முழுவதும் நின்றுவிட்டது. பிறகு, பாவம், பாதியில் விடத் தெரியாமல், "யும்" என்று முடித்தார்.

பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் ஜெபகுமாரி. அவள் தலை அசையவில்லை. கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

பிப்ரவரி 1

கஞ்சியை வைத்தாள். "மாமா, கஞ்சி" என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 3, புதன்

ஒருத்தியும் வரமாட்டாள் என்று நினைத்தேன். ஏழு பேரும் வந்தார்கள். தாணம்மாள் நேரே என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சத்தியபாய்க்க பந்து எங்க?"

"எதுக்கு டீச்சர்?"

"கோயில்ல படிச்சாச்சுல்லா. ஓலை படிச்சு ஊருக்கு அறிவிச்ச கல்யாணத்தைப் பாதியில விடுவியளா? படிச்சா ஆடணும். எடுங்க."

பையின் அடியில் கிடந்தது. அடையாளத்துக்காகப் போன வருஷம் நான் வைத்த அரக்குப் பொட்டு அப்படியே இருக்கிறது, அஞ்சலாபீஸ் அரக்கு.

தாணம்மாள் முதலில் தன் பந்தை அடித்தாள். பிறகு அரக்குப் பொட்டுப் பந்தை வைத்து, "இது உனக்காக்கும்" என்று சொல்லி அதையும் அதே ஓங்கலாக ஓங்கி அடித்தாள். அது பனங்கூட்டத்துக்குள் போயிற்று. அரை மணி நேரம் தேடினார்கள்.

"ஏட்டி சத்தியபாய், அங்ஙன போயும் என்னைக் குனிய வைக்கியா?" என்று பனைகளைப் பார்த்துக் கத்தினாள். மீனாட்சியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

சத்தியபாய் தோற்றாள். அட்டையில் எழுதினேன்.

பிப்ரவரி 5

கிளப் பிரசிடெண்ட் வக்கீல் வைகுண்டராஜன் வீட்டுக்கே வந்துவிட்டார். கோயிலில் நடந்தது ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது.

"ஓய் சுந்தரராஜ், செத்தவளுக்கு மெம்பர்ஷிப் உண்டுன்னு நம்ம சட்டத்தில எந்த வகுப்பில இருக்கு?"

"இல்லேன்னு எந்த வகுப்பில இருக்கு?"

"வெளையாடாதேயும். பாட்மின்டன்காரங்க எனக்க உயிரை எடுக்கானுவ. மார்ச் பதினாறு வரைக்கும் தாறேன். அண்ணைக்குப் பலகையில உயிரோட எட்டுப் பேரு நிக்கணும். அல்லங்கில் மைதானம் போச்சு."

போகும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "பிள்ளை எப்பிடி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

பிப்ரவரி 17, புதன்

எட்டாவது ஆளைத் தேடினோம். மீனாட்சியம்மாளின் நாத்தனார் கோமளவல்லிக்கு ஆசை, புருஷன் விடவில்லை. பாஸ்டர் அம்மாவுக்கு முழங்கால் வலி. வேறு யாரும் இல்லை.

ஜெபகுமாரியிடம் கேட்டேன்.

"வேண்டாம் மாமா."

முன்பெல்லாம் தாயோடு வருவாள். மைதானத்துக் கல்மதில்மேல் குண்டூசி குத்திய ரேந்தைத் தலையணையை வைத்துக்கொண்டு, லேஸ் பின்னியபடியே ஆட்டத்தைப் பார்த்துக் கேலிசெய்வாள். ஐப்பசியிலிருந்து அந்தத் தலையணை பரண்மேல் கிடக்கிறது.

பட்டியலில் எட்டாவதாக இன்னும் சத்தியபாய். முறைவைத்து ஒவ்வொருத்தியாக அவள் பந்தையும் ஆடுகிறார்கள். இன்றும் தோற்றாள்.

பிப்ரவரி 24, புதன்

தோற்றாள்.

மார்ச் 2, புதன்

கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அட்டை எழுத வழியில்லை. நான்கரை மணிக்கு ஜெபகுமாரி கண்ணாடிக்கூட்டோடு மதிலுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அந்த நேரம் பார்த்து மீனாட்சியம்மாள் அரக்குப் பொட்டுப் பந்தை அடித்தாள். முள்ளுக்குள் போயிற்று.

ஜெபகுமாரி பார்த்தாள். கூட்டை மதில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இரவு சாப்பாட்டின்போது கேட்டாள்.

"அவ பந்தை ஆருக்குக் குடுத்திருக்கிய?"

"எல்லாருக்கும்தான். முறைவச்சு அடிக்காவ."

"ம்."

நாலு மாசத்தில் நாங்கள் பேசிய மிக நீண்ட பேச்சு இது.

மார்ச் 9, புதன்

நான் எதையும் மறந்துவைக்கவில்லை. ஆனாலும் வந்தாள். பரணிலிருந்து தலையணையை இறக்கியிருக்கிறாள். மதில்மேல் உட்கார்ந்தாள். நூலைத் தொடவில்லை.

நாலாம் குழி கடலைப் பார்த்தது. எதிர்காற்று. மறுபடியும் தாணம்மாள் முறை. தன் பந்தை அடித்துவிட்டு, சத்தியபாயின் பந்துக்கும் தலைக்குமேல் கம்பை ஓங்கினாள்.

"அம்மா அப்பிடி அடிக்கமாட்டா."

மதிலிலிருந்து வந்தது. கம்பு மேலேயே நின்றது.

"பின்ன எப்பிடி அடிப்பாளாம்?"

"ஓங்கவே மாட்டா. எதிர்காத்துல ஆராவது தூக்கி அடிப்பாவளா? உருட்டுவா."

"அப்பிடியா? பிள்ளை எறங்கி வந்து காட்டட்டும், பாப்போம்."

வழி சுற்றி வரவில்லை. மதிலைத் தாண்டிக் குதித்தாள். ரேந்தைக் குண்டூசிகள் நாலைந்து தோள்சேலையில் குத்தியபடியே இருந்தன. கம்பை வாங்கினாள். முழங்காலுக்குமேல் அதைத் தூக்கவில்லை. பந்து புல்லில் உருண்டது, உருண்டது, சிரட்டைக்கு ஒரு சாண் இப்பால் நின்றது.

ஜெபகுமாரி திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"அஞ்சு வாரமா அவளைத் தோக்கடிச்சிருக்கிய. எல்லாரும் சேந்து. அவ ஆடாத ஆட்டத்தை ஆடிட்டு, அவ தோத்தான்னு எழுதி வச்சிருக்கிய."

அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்களும் எழுதிக்கிட்டே இருக்கிய. அவ இல்ல மாமா."

கம்பை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிட்டாள். தலையணை மதில்மேலேயே இருந்தது. நான் எடுத்து வந்தேன்.

மார்ச் 10

அவ இல்ல மாமா — அவ்வளவுதானே. எத்தனை எழுத்து? நாலு மாசமா இந்த வீட்டில ஆரும் சொல்லல. நானும் சொல்லல. என்ன பயம்? எதுக்குப் பயந்தோம்?

மார்ச் 15, செவ்வாய்

புதிய தாளில் நாளைய பட்டியல் எழுதினேன். ஏழு பெயர். எட்டாவது இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. பழைய பெயரை அடிக்கவேண்டும் அடிக்கவேண்டும் என்று இத்தனை நாள் தவித்தேனே, எழுதாமல் விட்டால் போதும் என்பது ஏன் தெரியாமல் போயிற்று?

நாளையோடு மைதானம் போகும். அவள் ஆரம்பித்ததை நான் முடித்துவைத்தேன் என்று ஆகும். தாளை மேஜைமேல் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டேன். ஜெபகுமாரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

மார்ச் 16, புதன்

காலையில் எழுந்து பார்த்தபோது பட்டியலில் எட்டுப் பெயர். எட்டாவது என் கையெழுத்து அல்ல. சாய்ந்த எழுத்து: ஜெபகுமாரி.

கஞ்சி வைக்கும்போது சொன்னாள்: "அந்தப் பந்து எனக்கு வேணும். அரக்கைச் சுரண்டாண்டாம்."

நாலு மணிக்கு வைகுண்டராஜன் நேரிலேயே வந்தார். பலகையைப் பார்த்தார். பிறகு குடைநுனியால் ஒவ்வொருத்தியாகச் சுட்டி எண்ணினார். எட்டு. ஜெபகுமாரி பந்தின் முன்னால் நின்றிருந்ததைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மைக்க அதே நிப்பு" என்று சொல்லிவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

மீனாட்சியம்மாளிடம் இரண்டு அடி வித்தியாசத்தில் தோற்றாள். "மொகத்தைத் தூக்காத மக்கா, ஈஸ்டர் கழிஞ்சு வா, மறுபடியும் தோக்கடிச்சுத் தாறேன்" என்றாள் மீனாட்சியம்மாள். ஜெபகுமாரி சிரித்தாள். பல் தெரிய.

முதல் குழியில் அவள் உருட்டிய பந்து எவ்வளவு தூரம் போயிற்று என்று நான் எட்டு வைத்து நடந்து அளந்தேன். திரும்பி வரும் வழியில் கேட்டாள்.

"மாமா, நாளைக்கு ஊரில எம்பிடு தூரம்னு சொல்லப்போறிய? கன்யாகுமரி வரைக்குமா?"

"நாப்பத்தொரு எட்டு" என்றேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். "ஒடம்புக்கு என்ன செய்யுது?"

மார்ச் 17

ஜெபகுமாரி கிணற்றடியில் இருந்தாள். ஜனவரியிலிருந்து போன வாரம் வரை பலகையில் ஒட்டிய தாள்களை ஒன்றாகக் கட்டிவைக்கலாம் என்று எடுத்தேன். பத்துத் தாள். பத்திலும் என் கையால் சத்தியபாய்.

அழுதேன். ராஜாக்கமங்கலத்தில் வள்ளம் ஓடிற்று என்று எழுதவந்த கையை நிறுத்திக்கொண்டேன். ஒரு சிரட்டைகூட நிறைந்திருக்காது.