அப்பாவுக்குப் பல் எடுத்த சேதி

ரெட்டிபாளையம்
மாசி மாதம், 1949

அன்பு மகன் தர்மனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் இருக்கோம், பம்பாயில நீயும் ஜானகியும் பேரப்புள்ளையும் நோய்நொடி இல்லாம இருக்க மாரியம்மனை வேண்டிக்கிறேன். போன கடுதாசியில பல் விளக்கும்போது ஈறுல ரத்தம் வருதுன்னு ஓரமா ஒரு வரி எழுதியிருந்த, அதைப் படிச்சதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல. நீ கவலைப்படுவேன்னு சொல்லாம வச்சிருந்த சேதியை இப்பச் சொல்லிடறேன்.

உங்க அப்பாவுக்கும் ரத்தத்துலதான் ஆரம்பிச்சுது. போயிலையை அடக்கிக்கிட்டு, இது என்ன பெரிய நோவுன்னு இருந்துட்டாரு. ஐப்பசி மழையில ஈறு வீங்கி, கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாம காய்ச்சல் வந்துட்டுது. கிராம்பு வச்சுப் பார்த்தேன், கன்னத்துல மஞ்சப் பத்துப் போட்டேன், ஒண்ணும் கேக்கல. கஞ்சித்தண்ணிகூட உள்ளே போகாம கண்ணு சொருகிடுச்சு. பக்கத்து வூட்டுப் பிச்சைமுத்துதான் வண்டியைக் கட்டிக் கொண்டுபோயி அரியலூர்ல ரயில் ஏத்திவிட்டான். திருச்சி ஆஸ்பத்திரியில, இன்னும் தாமதிச்சிருந்தா சீழ் தொண்டைக்கு இறங்கியிருக்கும்னு டாக்டர் என்னைக் கோவிச்சுக்கிட்டாரு. ஊசி போட்டு, சீழை எடுத்து, ஆடின பல்லையெல்லாம் பிடுங்கிட்டாங்க, முன்பல்லு ஒண்ணுகூட மிஞ்சல. அந்த வராண்டாவுல தனியா உக்காந்திருந்தப்ப உன்னைத்தான் நினைச்சுக்கிட்டேன். அதனால தம்பி, நாளைக்குன்னு தள்ளாம அங்கே பல் டாக்டர்கிட்ட வாயைக் காட்டு. நீயும் போயிலை போடறதா ஜானகி எழுதியிருந்தாளே, அதை இன்னைக்கே விட்டுரு. செங்கல்தூள், கரித்தூள் வச்சு ஈறைத் தேய்க்காத, உப்புத்தண்ணியில கொப்புளி. புள்ளை மிட்டாயை வாயில வச்சுக்கிட்டே தூங்கினா எடுத்துடச் சொல்லு.

உசுரு தப்பிச்சு வூட்டுக்கு வந்தாரே தவிர, அப்பா பழைய ஆளா இல்ல. துண்டால வாயை மூடிக்கிட்டே இருக்காரு. வார்த்தை வழுக்குதுன்னு பேசறதில்ல, பஞ்சநாதன் மாமா பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரல. அவரு பேசலைன்னதும் வந்து போற சனமும் குறைஞ்சுபோச்சு. சோறு வச்சா, எதிர்ல உக்காராதேன்னு சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்குவாரு. நான் கடிக்கிற சத்தம் அவரு காதுல விழவேணாம்னு நானும் அடுக்களையில தனியா குழைஞ்ச சோத்தையே முழுங்கிக்கிட்டு வந்தேன். நேத்து மதியம் தண்ணி குடிக்க உள்ளே வந்தவரு என் தட்டையே பார்த்துக்கிட்டு நின்னாரு. "உனக்குப் பல்லு இருக்குல்ல, அப்பளம் பொரிச்சுக் கடி. வூட்டுல சத்தமாவது கேக்கட்டும்"னு சொல்லிட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டாரு. பொரிச்சேன். ஒரு கடிக்கு மேல முடியல. மிச்சத்தை ரசத்துல ஊறப்போட்டு ரெண்டு பேருமாச் சாப்பிட்டோம்.

அங்கே டாக்டர் சொல்றதை மறைக்காம எழுது, தபால்காரரு வர்ற நேரம் நான் வாசல்லதான் நிக்கிறேன். நீங்க மூணு பேரும் தீர்க்காயுசா இருக்கணும், அப்பாவும் அதையே சொல்லச் சொன்னாரு.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா புஷ்பவல்லி