கழுவிய காலைக் கழுவுதல்

மார்ச் 8, சனி

நேற்றுச் சிலுவைப்பாதை முடிந்த பிறகு சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தில் மறுபடியும் வெள்ளி வெள்ளியாக விரல் தடம். இன்று காலை நானே போய் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தேன். யாருடைய விரல் என்று கோயிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

பாண்டிலட்சுமி. பட்டாசுக் கம்பெனி வேன் அவளைக் கோயில் முக்கில் இறக்கிவிடுகிறது. வீட்டுக்குப் போய் முகம் கழுவுவது கிடையாது. நேரே உள்ளே வருகிறாள். மற்றவர்கள் குனிந்து உதடு பதித்து முத்தி செய்துவிட்டு நகர்கிற இடத்தில் இவள் மட்டும் அந்தக் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் வரிசை நிற்கிறது.

“கையைக் கழுவிவிட்டு வரக்கூடாதா?” என்றேன்.

“கழுவிட்டுத்தான் வாரேன் பெரியம்மா. அது பட்டாசு மருந்துப் பொடி. சோப்புக்கெல்லாம் பயப்படாது.”

சிரிப்பு வேறு. போன ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் பெற்றவள். இன்னும் விசுவாசப் பிரமாணம் பாதியில் நின்றுவிடுகிறது. நடுவில் எங்கோ காணாமல் போய், ஆமெனுக்கு வந்து சேர்ந்துகொள்கிறாள்.

மார்ச் 12, புதன்

கோயில் பங்குப் பேரவைக் கூட்டம். பெரிய வியாழன் ஏற்பாடு. தலைவலி இன்னும் விடவில்லை.

ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக அன்று சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுகிறார். எங்கள் கோயிலில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளும் பன்னிரண்டு குடும்பங்களுக்கு உரியவை. எட்டாவது எங்களுடையது. என் மாமனார் உட்கார்ந்தார். அவருக்குப் பின் என் கணவர். அவர் போன பிறகு இரண்டு வருடமாக அதில் அவருடைய வெள்ளைத் துண்டை மடித்து வைக்கிறோம். சாமியார் அதன் முன் தலை வணங்கிவிட்டு ஒன்பதாவதுக்குப் போவார். பையன் சிங்கப்பூரில் இருக்கிறான், வர மாட்டான். ஆகவே என் காலம் உள்ளவரை அது அப்படியே இருக்க வேண்டும். இதில் பேச என்ன இருக்கிறது?

பேசினார்கள். செழியன் சாமியார் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. (செழியன் என்று ஒரு சாமியாருக்குப் பெயர். புனிதர் பெயர்களுக்கா பஞ்சம்?) அவருக்கு நாற்காலியும் பிடிக்கவில்லை, குழாயடியும் பிடிக்கவில்லை. பூசைக்கு முன் பன்னிரண்டு பேரும் கோயிலின் பின்பக்கக் குழாயில் சோப்புப் போட்டுக் கால் கழுவுவதும், நான் துண்டோடு நின்று குதிகால் வரை பார்த்து அனுப்புவதும் வழக்கம். கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அழுக்கோடு பீடத்துக்கு முன் போகாதே.

“கழுவின காலை எதுக்கும்மா மறுபடி கழுவணும்?” என்று கேட்கிறார், எல்லோர் முன்னிலும்.

குளித்தவன் தூய்மையாயிருக்கிறான், பாதத்தை மட்டும் கழுவினால் போதும் என்று ஆண்டவரே தம் சீடர் இராயப்பரிடம் சொல்லவில்லையா என்றேன். பதில் வராது என்று நினைத்தேன்.

“சொன்னாரும்மா. அவங்க குளிச்சிட்டு, தூசியில நடந்து வந்தாங்க. நாம அந்தத் தூசியையும் துடைச்சிட்டு வந்து உக்காருறோமே. பிறகு அவருக்கு என்ன வேலை?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 17, திங்கள்

வெள்ளைத்துரை வந்திருந்தார். என் கணவருக்குச் சித்தப்பா மகன், மிளகாய் வற்றல் மண்டி, பேரவையில் துணைத் தலைவர். காபியை ஆற விட்டுவிட்டுப் பேசினார்.

“மதினி, அண்ணன் நாற்காலி காலியா கிடக்கது கண்ணை உறுத்துது. நம்ம தருண்குமாரை உக்கார வச்சிருவோம். வீட்டுப் பிள்ளைதானே.”

தருண்குமார் அவருடைய தம்பி மகன். ஞாயிறு பூசைக்கு வாசலில் பைக் மேல் உட்கார்ந்தபடி வருகிறவன். பிரசங்கம் முடியும்வரை செல்போன்.

“அவனுக்குப் பரலோக மந்திரம் தெரியுமா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் படிச்சிக்கிடுவான். காலுதானே கழுவப் போறாக, பரீட்சையா வைக்கப் போறாக?”

முடியாது என்றேன். ஆறின காபியைக் குடிக்காமலே போனார்.

மார்ச் 23, ஞாயிறு

பூசை முடிந்து சாமியார் கூப்பிட்டார். எட்டாம் நாற்காலியைப் பாண்டிலட்சுமிக்குக் கொடுக்க வேண்டுமாம்.

என் கணவர் இருந்த இடத்தில். அவளா?

“நானா எடுத்துக் குடுக்க மாட்டேன். நீங்க மனசோட குடுத்தா மட்டும்தாம்மா” என்கிறார். கட்டளை போட்டிருந்தால் ஆயருக்கு எழுதியிருப்பேன். பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டுப் பவ்வியமாக நிற்கிற ஆளை என்ன செய்வது? தர முடியாது என்று சொல்லிவிட்டேன். சரிம்மா என்றார். அந்தச் ‘சரிம்மா’ இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

மறுபடியும் தடம்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று நேரிலேயே கேட்டுவிட்டேன். சிலுவைப்பாதை தொடங்கும் முன், கோயில் வாசலில்.

“நாற்காலி வேணும்னு சாமியார்கிட்ட நீதான் கேட்டியா?”

“நான் எங்க கேட்டேன்? அவருதான் கேக்காரு. எனக்கே குனிஞ்சு எங்காலைக் கழுவ இடுப்பு விட மாட்டேங்குது. அவரு வேற பாவம், சின்னப் பிள்ளை.” பிறகு என்னைப் பார்த்து, “நீங்க குடுக்க மாட்டேன்னுட்டீகளாம்ல. நல்லதாப் போச்சு. அம்புட்டுப் பேரு முன்னால எனக்குக் கூச்சம்” என்றாள்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரம் என்ன ஜெபம் சொல்கிறாய் என்று கேட்டேன். திருத்திக் கொடுக்கலாம் என்றுதான் கேட்டேன்.

“ஜெபமெல்லாம் இல்ல பெரியம்மா. முன்னால இருந்த கம்பெனியில பக்கத்து ரூம் வெடிச்சதில்ல? முருகம்மான்னு ஒருத்தி, எங்கூட ஒரே வேன்ல வருவா. ஆளை அடையாளம் காட்டச் சொன்னாக. முகம் இல்ல. காலு மட்டும் நல்லாருந்துச்சு. கொலுசு, மிஞ்சி எல்லாம் அப்படியே. நான்தான் சொன்னேன், இது அவதான்னு. காலைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன், வண்டியில ஏத்துற வரைக்கும். இங்கன வந்து பாத்தா இவருக்கும் காலு நல்லாருக்கு. பிடிச்சுக்கிடுதேன். வேற என்ன சொல்லன்னு எனக்குத் தெரியல.”

உள்ளே போய்ச் சிலுவைப்பாதையை வாசிக்கத் தொடங்கினேன். பத்தாம் நிலைக்குப் பதில் பதினொன்றாம் நிலையை வாசித்துவிட்டேன். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் இருமிக் காட்டினார்.

ஏப்ரல் 9, புதன்

மறுபடி கூட்டம். வெள்ளைத்துரை எழுந்து நின்று எனக்கு நன்றி சொன்னார். நன்றி!

“நம்ம மதினி ஒருத்திதான் விட்டுக்குடுக்காம நின்னாக. வழக்கம் இன்னைக்கு நிக்குதுன்னா அவுகளாலதான்.” பிறகு உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது போல, எல்லோருக்கும் கேட்கும்படி: “ஒரே தாம்பாளம்வே. அந்தக் காலைக் கழுவின தாம்பாளத்துல ஒன்பதாவதா நான் காலை வைக்கணுமாக்கும்.”

மூன்று நான்கு பேர் சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்க வேண்டும்? நான் அதையா சொன்னேன்? நான் சொன்னது ஒழுங்கு. சுத்தம். என் கணவருடைய இடம். வெள்ளைத்துரை சொல்வது வேறு.

வேறுதானே?

இந்த ஆள் எனக்கு நன்றி சொல்லும்படி நான் என்ன செய்துவிட்டேன்?

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் கோயிலுக்குப் போய்ப் பூசைப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். ஜெபங்களை அல்ல, எப்படிச் செய்ய வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறதே, அதை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தேன்.

பாதம் கழுவும் சடங்கே கட்டாயம் இல்லை. பன்னிரண்டு என்ற எண் இல்லை. குடும்பம் இல்லை. முன்கூட்டிக் கழுவிவிட்டு வர வேண்டும் என்றும் இல்லை. இருக்கைகள் உண்டு. யாருடைய இருக்கைகள் என்று இல்லை.

இத்தனை வருடங்களில் இத்தனை சாமியார்கள் வந்து போனார்களே, ஒருவர்கூடவா இதைப் படிக்கவில்லை? எழுத்தில் இல்லாத ஒன்றுக்கு நான் இஸ்திரி போட்ட துண்டுகளோடு குழாயடியில் நின்றிருக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

சாமியாரிடம் சொல்லிவிட்டேன். கொடுக்கிறேன். ஆனால் நேரத்துக்கு வர வேண்டும், நல்ல சேலை கட்டி வர வேண்டும், இதற்காக யாரும் மேடையேறி என்னைப் புகழக் கூடாது.

“சரிம்மா” என்றார்.

வேறு வார்த்தையே தெரியாதா இந்த மனிதருக்கு?

வீட்டுக்கு வந்து அந்த வெள்ளைத் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தேன். இந்த வருடம் அவருக்கு இடம் இல்லை. நான்தான் எழுப்பிவிட்டேன். அழக் கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. அழுதேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

நேரமாகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

வெள்ளைத்துரை வரவில்லை. அவரோடு இன்னும் மூன்று நாற்காலிக்காரர்களும் வரவில்லை. செழியன் சாமியார் பதறவில்லை. பின்னால் நின்றவர்களில் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதில் ஒருவர் சைக்கிளில் வடை விற்கிறவர்.

எட்டாவது காலி. கம்பெனி வேன் வரவில்லை. ஆர்டர் அவசரமாம், கூடுதல் நேரம் பிடித்துவைத்துவிட்டார்களாம். யாரோ செல்போனில் கேட்டுச் சொன்னார்கள். நேரத்துக்கு வர வேண்டும் என்று அவ்வளவு சொல்லியும். பிரசங்கம் முடிந்தது. தாம்பாளத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்தார்கள். உபதேசியார் என் பெஞ்சுக்கு வந்து குனிந்தார்.

“அம்மா, ஐயா துண்டு வீட்லதானே இருக்கு? ஆளை அனுப்பட்டுமா? பழையபடி மடிச்சு வச்சிருவோம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

உண்மைதான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அவள் வரவில்லை, என் மேல் குற்றம் இல்லை. அவருடைய இடம் அவருக்கே திரும்பியிருக்கும். நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன்.

“வேண்டாம். வருவாள். சாமியை மெதுவாகக் கழுவச் சொல்லுங்கள்” என்றேன்.

சாமியார் ஆறாவது ஆளின் விரல் இடுக்கெல்லாம் துடைத்தார். ஏழாவது ஆள் நெளிந்தார். அப்போதுதான் வெளியே வேன் சத்தம். பாண்டிலட்சுமி ஓடி வருகிறாள். வேலைச் சேலை, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை, கால் கணுக்கால் வரை சாம்பல் நிறம். பக்கவாசலில் நுழைந்தவள் எங்கள் யாரையும் பார்க்காமல் நேரே பின்பக்கக் குழாயை நோக்கித் திரும்பினாள்.

நான் பூசை நடுவில் எழுந்தவள் இல்லை. எழுந்தேன். போய் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“எங்க போற?”

“காலு கெடக்க கெதியப் பாருங்க பெரியம்மா. ஒரு நிமிசம், அலசிட்டு வந்துர்ரேன்.”

“வேண்டாம். சாமி காத்துக்கிட்டு இருக்காரு. அப்படியே வா.”

“துண்டு அழுக்காயிரும்.”

“ஆகட்டும். வா.”

உட்கார்ந்தாள். அவர் மண்டியிட்டு ஊற்றினார். தாம்பாளத்துத் தண்ணீர் ஈயம் போல ஆனது. கோயில் அவ்வளவு அமைதி. அந்த அமைதியில் இவள், “கூசுது சாமி” என்றாள்.

சிறுசுகள் சிரித்தன. பிறகு பெரியவர்களும். சாமியாரின் தோள் குலுங்கியது. பெரிய வியாழன் பூசையில் சிரிப்பு. என்ன கோயில் இது? நான் முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது வாசலில் வெள்ளைத்துரை. ஈஸ்டருக்கு வராமல் இருக்க முடியாது, ஊர் பேசும். வாழ்த்துச் சொல்லவில்லை.

“வழக்கத்தை உடைச்சிட்டீக மதினி. அண்ணன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?”

“எழுந்து இடம் கொடுத்திருப்பார்” என்றேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது யோசிக்கிறேன். கொடுத்திருப்பாரா? அத்தனை வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கொடுத்திருக்க மாட்டார் என்றால், செத்தவர் பெயரில் ஈஸ்டர் அன்று கோயில் வாசலில் நின்று பொய் சொல்லியிருக்கிறேன்.

உண்மையா பொய்யா என்று தெரியாத ஒன்றைப் பாவசங்கீர்த்தனத்தில் பாவமென்று எப்படிச் சொல்வது? கான்வென்டில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை. சனிக்கிழமை போய்க் கேட்க வேண்டும். வேறு யாரிடம், அந்தச் செழியனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ‘சரிம்மா’ என்று மட்டும் சொல்லட்டும், பார்க்கிறேன்.